காகிதத்தில் ஆறு வயது

பள்ளிப் பேருந்தின் முதல் படி மிமியின் முட்டிக்கு மேலே இருந்தது. ஒரு காலைத் தூக்கி வைத்தாள். கைப்பிடி எட்டவில்லை. காலை இறக்கிக்கொண்டாள். பின்னால் நின்ற பிள்ளைகள் முனகினார்கள். ஏற்றிவிட வந்த பெரியவர் லெர்மூ வாயிலிருந்த வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, அவளை இடுப்பைப் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தார். மூன்று வாரமாக இதுதான் நடக்கிறது. தினமும் காலை ஏழே காலுக்கு, டிரெய்லர் வீடுகளின் முனையில், அமெரிக்காவின் டக்கோட்டாக் காற்று முகத்தில் அறைய அறைய, முதல் வகுப்பு மாணவி ஒருத்தியை அரிசி மூட்டை ஏற்றுவதுபோல் ஏற்றிவிட வேண்டும்.

அன்றைக்குப் பேருந்து ஓட்டுநர் ஏதோ கேட்டார். லெர்மூவுக்கு ஆங்கிலம் நாலைந்து சொல்தான். "வயசு" என்பது மட்டும் புரிந்தது. ஒரு கையின் ஐந்து விரலையும் மறு கையின் கட்டைவிரலையும் காட்டினார். ஓட்டுநர் மிமியைப் பார்த்தார், அந்த ஆறு விரல்களைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டே கதவைச் சாத்தினார்.

அவன் நம்பவில்லை என்று லெர்மூவுக்குத் தெரிந்தது. நம்பாதவனும் கதவைச் சாத்திவிட்டுப் போகிறான். அது போதும்.

மிமியின் அப்பா தம்லாவும் அம்மா சிப்போராவும் காலை ஐந்து மணிக்கே வான்கோழித் தொழிற்சாலைக்குப் போய்விடுவார்கள். லெர்மூவுக்கு மதியம் மூன்று மணிக்குத்தான் வேலை. அதனால் பிள்ளையை அவர் பொறுப்பில் விட்டிருந்தார்கள். சொந்தக்காரர் இல்லை. ஆனால் தாய்லாந்து எல்லை அகதி முகாமில் அவர்கள் பகுதிக்கு அவர்தான் தலைவர். நூற்றிருபது குடும்பத்தின் பெயர்ப் பதிவு அவர் கையில் இருந்தது. பர்மாவை விட்டு ஓடிய கரென் ஜனங்கள், கடல் தாண்டி வந்த பிறகும் அவரைத் "தலைவரே" என்றுதான் கூப்பிட்டார்கள். இங்கே அவர் வான்கோழி இறக்கை அறுக்கிறவர். வலது கையில் இரண்டு விரல் மடங்குவதில்லை. இருந்தாலும் ஆபீசிலிருந்து ஒரு காகிதம் வந்தால் முதலில் அவரிடம்தான் கொண்டு வருவார்கள். அவர் எல்லாருக்கும் ஒரே புத்திதான் சொல்வார்: "பேப்பர்ல என்ன இருக்கோ அதான் உண்மை. வாயத் தொறக்காத."

அதற்குக் காரணம் இருந்தது.

தம்லாவுக்கும் சிப்போராவுக்கும் முதலில் பிறந்தவள் எஸ்தர். இரண்டு வயது முடிந்து ஒரு மாதத்தில், மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது சிப்போரா வயிற்றில் எட்டு மாதம். அடுத்த மாதம் இரண்டாவது பெண் பிறந்தாள். அந்த வருஷம் முகாமில் புதுப் பெயர் சேர்ப்பதை நிறுத்தி வைத்திருந்தார்கள். எப்போது தொடங்குவார்கள் என்று கேட்டால் மேலே கை காட்டுவார்கள். பெயர் இல்லாத பிள்ளைக்கு அரிசி இல்லை, மருந்து இல்லை, அமெரிக்காவுக்கு விமானமும் இல்லை. லெர்மூ யோசித்தார். அதிக நேரம் யோசிக்கவில்லை. எஸ்தரின் பெயரை அடிக்காமல் விட்டுவிட்டார். செத்த பிள்ளையின் வரியில் பிறந்த பிள்ளையை உட்கார வைத்தார். ஐந்து வயதுக்குக் கீழே பாதிப் பங்கு அரிசிதான். எஸ்தரின் வயதில் இவள் சீக்கிரமே முழுப் பங்குக்கு வந்துவிடுவாள் என்றும் கணக்குப் போட்டார். அந்தக் காலத்தில் அது திருட்டாகத் தெரியவில்லை. அவரைக் கேட்டால் இன்றைக்கும் தெரியவில்லை என்பார்.

எஸ்தரைப் புதைத்த இடத்தில் பெயர் எழுதிய சிலுவை வைக்கக் கூடாது என்று சொன்னவரும் அவர்தான். யாராவது பார்த்துவிட்டால்?

வீட்டில் பிள்ளையை மிமி என்று கூப்பிட்டார்கள். காகிதத்தில் அவள் எஸ்தர். காகிதத்தில் ஆறு வயதும் மூன்று மாதமும். உடம்பில் நாலு வயதும் ஒரு மாதமும். அமெரிக்கா காகிதத்தைப் பார்த்து அவளை முதல் வகுப்பில் உட்கார வைத்தது.

அன்று மதியம் வேலை மாறும் நேரத்தில், தொழிற்சாலை வாசலில் தம்லா அவருக்காக நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் சிப்போரா, தலையில் இன்னும் வலைத் தொப்பியோடு.

"தலைவரே, இது மூணாவது லெட்டர்."

"எங்கிட்ட நீட்டுனா? நான் என்ன பாரிஸ்டரா? பள்ளிக்கூடத்துல நம்ம பாஷை பேசற பொண்ணு இருக்காளே, பொவா, அவ என்ன சொன்னா?"

"பிள்ளைக்கு மூள வளர்ச்சி கம்மியான்னு பாக்கப்போறாங்களாம். வர்ற வியாழக்கிழம டெஸ்ட்டு. அப்புறம் தனி வகுப்புல போடறதுக்கு நாங்க கையெழுத்துப் போடணுமாம்."

"மூள வளர்ச்சியா? நேத்து என் வெத்தலப் பொட்டிய ஒளிச்சு வெச்சுட்டு, 'என்ன தாத்தா தேடறீங்க'ன்னு எங்கிட்டயே கேக்குது. அதுக்கு வளர்ச்சி கம்மின்னா, இந்த ஊர்ல பாதிப் பேருக்கு மூளையே இல்ல."

தம்லா சிரிக்கவில்லை. "உண்மையச் சொல்லிரலாமா?"

லெர்மூ அக்கம்பக்கம் பார்த்தார். "எந்த உண்மை? ரெண்டு வருஷத்தக் கூட்டி எழுதுனோம்னா? செத்த பிள்ள பேர்ல விமானம் ஏறுனோம்னா? கிரீன் கார்டுக்கு எழுதிப் போட இன்னும் ஒம்பது மாசம் இருக்கு. இப்ப வாயத் தொறந்த, உன்ன மட்டும் இல்ல, அந்தப் புஸ்தகத்துல நான் கைவெச்ச அத்தன பேரையும் நோண்டுவான். உன்ன மாதிரி இன்னும் நாலு குடும்பம் இந்த ஊர்லயே இருக்கு. தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்ப பேசாம கையெழுத்தப் போடு. தனி வகுப்புன்னா என்ன, அதுவும் வகுப்புதான."

சிப்போரா முன்னால் வந்தாள். தோளில் தொங்கிய பையிலிருந்து முடிச்சுப் போட்ட ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பையை எடுத்துக் காட்டினாள். நேற்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. உள்ளே மிமியின் ஈரமான பாவாடை. லெர்மூவுக்கு அந்தப் பையைத் தெரியும். வாரத்தில் மூன்று நாள், நாலு நாள் அது மிமியின் புத்தகப் பையோடு கட்டியபடி வரும்.

"ஒண்ணுக்குப் போகணும்னு கேக்கத் தெரியல. சாப்பிட்டதும் மேசைமேல தூங்கிருது. பெரிய பிள்ளைங்க மூக்கப் பிடிச்சுக்கறாங்களாம்" என்றாள். "நீங்க சொன்னபடிதான் எல்லாம் செஞ்சோம் தலைவரே. சொன்னதுனாலதான் பிள்ள உயிரோட இருக்கு. அதான் எதிர்த்துப் பேச வாய் வரல."

சங்கு ஊதியது. லெர்மூ உள்ளே போனார். அன்று முழுவதும் இறக்கைகளை அறுத்தார். ஒன்றுகூடத் தவறவில்லை. மனசு மட்டும் எதிலும் நிற்கவில்லை.

வியாழக்கிழமை மூன்று பேரும் பள்ளிக்கூடம் போனார்கள். தம்லா சர்ச்சுக்குப் போடுகிற சட்டையைப் போட்டிருந்தான். சின்ன அறை. மிமியின் ஆசிரியை மிஸஸ் வெபர் இருந்தார். நல்ல மனுஷிதான். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது. இருபத்தாறு பிள்ளைகள், ஐந்து மொழி, ஒற்றை ஆள். டெஸ்ட் வைக்கிற அம்மாள் ஒருத்தி நீலப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். நடுவில் பொவா. இந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சேர்த்து கரென் பேசத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வாரத்தில் இரண்டு நாள் இங்கே.

மிஸஸ் வெபர் சொல்ல, பொவா மாற்றிச் சொன்னாள். "பிள்ள ரொம்ப நல்ல பிள்ளையாம். ஆனா கண்ணப் பாத்துப் பேச மாட்டேங்குதாம். கையக் கட்டிக்கிட்டுத் தரையவே பாக்குதாம்."

"டீச்சர் முன்னால கை கட்டாம என்ன பண்ணும்?" என்றார் லெர்மூ. "முறைக்கவா முடியும்? அதுக்குப் பேர் மரியாதைன்னு சொல்லும்மா."

"மூணு வருஷமா சொல்லிக்கிட்டுதான் இருக்கேன் பெரியப்பா. நல்லா எழுதிக்கறாங்க."

"எழுதி?"

"எழுதி வெச்சுக்கறாங்க."

டெஸ்ட் தொடங்கியது. நீலப் பெட்டிக்காரி ஒரு படத்தைக் காட்டினாள். குளியல் தொட்டி. மிமி உற்றுப் பார்த்துவிட்டு, "படகு" என்று தன் மொழியில் மெதுவாகச் சொன்னாள். வீட்டில் தொட்டி கிடையாது. நின்றுகொண்டு குளிக்கிற குழாய்தான். அடுத்தது பனிமனிதன். அவள் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, பனியைப் பார்த்ததில்லை. "பேய்" என்றாள். அடுத்தது ரொட்டி வாட்டுகிற மிஷின். ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மாள் ஒரு கோடு போட்டாள். கோழிப் படம் வந்தது. மிமி நிமிர்ந்து, கோழி, சேவல் இல்லை, முட்டை போடுகிறது, என்று கரென் மொழியில் மூன்று செய்தி சொன்னாள். பொவா மாற்றிச் சொன்னாள். அந்த அம்மாள் ஓரத்தில் சின்னதாக ஏதோ எழுதிக்கொண்டாள். ஆங்கிலப் பதிலுக்குத்தான் கட்டம் இருந்தது.

பிறகு மிமிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு கூப்பிட்டாள். "எஸ்தர்!"

மிமி திரும்பவில்லை.

"எஸ்தர்!"

மிமி திரும்பவில்லை. சிப்போரா திரும்பினாள். கூப்பிடுகிற ஒவ்வொரு தடவையும் அவள் தோள் ஒருமுறை அதிர்ந்ததை லெர்மூ பார்த்தார். பார்த்துவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டார்.

கடைசியில் அம்மாவிடம் கேள்வி. பொவா கேட்டாள்: "அக்கா, எஸ்தர் எப்ப நடக்க ஆரம்பிச்சாள்னு கேக்கறாங்க."

சிப்போரா புருஷனைப் பார்த்தாள், லெர்மூவைப் பார்த்தாள். லெர்மூ லேசாகத் தலையசைத்தார். காகிதத்தில் உள்ளபடி சொல்.

"பத்து மாசத்துல நடந்தா" என்றாள் சிப்போரா. "பிடிக்காமலே நடந்தா. மூங்கில் தரையில சத்தம் கேக்கும். ஒரு வயசுல பேசுவா. அப்பா, அம்மா, சோறுன்னு இல்ல, 'மழை வருது, துணிய எடு'ம்பா. ஞாயித்துக்கிழம பாட்டு பூரா வரும். அடுத்த வீட்டுக் கிழவர் இருமுனா அதே மாதிரி இருமிக் காட்டுவா. எல்லாரும் சிரிப்பாங்க."

பொவா சொல்லச் சொல்ல நீலப் பெட்டிக்காரி வேகமாக எழுதினாள். சிப்போரா நிறுத்தவில்லை. நாலு வருஷமாக அவளிடம் யாரும் எஸ்தரைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்பது ஏற்பாடு. இப்போது சர்க்கார் மனுஷி பேனாவை வைத்துக்கொண்டு கேட்கிறாள். கேட்டதை எழுதியும் கொள்கிறாள். சிப்போரா எஸ்தருக்குப் பிடித்த பழம் எது என்று சொன்னாள். எந்தப் பக்கம் படுத்துத் தூங்குவாள் என்று சொன்னாள். தம்லா தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையா இருந்திருக்கே, எப்ப எல்லாம் நின்னு போச்சுன்னு கேக்கறாங்க" என்றாள் பொவா.

"ரெண்டு வயசுல."

"என்ன ஆச்சு?"

"காச்சல். அஞ்சு நாள். அஞ்சாம் நாள் வலிப்பு வந்துச்சு."

நீலப் பெட்டிக்காரியும் மிஸஸ் வெபரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் தேடியது கிடைத்துவிட்டது. பொவா குரலைத் தாழ்த்தினாள். "காச்சல்ல மூள பாதிச்சிருக்கும்ங்கறாங்க. அதனாலதான் இப்படி ஆயிட்டாளாம். இப்ப எல்லாம் பொருந்துதாம். இங்க கையெழுத்துப் போடச் சொல்றாங்க."

காகிதம் தம்லாவின் முன்னால் வந்தது. மிமி நாற்காலியில் கால் ஆட்டிக்கொண்டு, மேசை ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தம்லா பேனாவை எடுத்தான். அவன் எப்போதும் சொன்னதைக் கேட்கிறவன்.

லெர்மூவின் கை அவன் மணிக்கட்டின்மேல் விழுந்தது. மடங்காத விரல்கள் உள்ள கை.

"வை."

"தலைவரே?"

"வைடான்னா." பொவாவின் பக்கம் திரும்பினார். "அந்த அம்மா எழுதிக்கிட்டாங்களே, அந்தப் பிள்ள செத்துப் போச்சு. இது அது இல்ல. இது தங்கச்சி. இதுக்குப் போன மாசந்தான் நாலு முடிஞ்சுது. செத்தவ பேர அடிக்காம இவள அதுல ஏத்துனது நான். இவங்க இல்ல, நான்."

பொவா உடனே மாற்றிச் சொல்லவில்லை. "பெரியப்பா, சொல்லட்டுமா? சொல்லிட்டா திருப்பி எடுக்க முடியாது."

"சொல்லு."

"உங்க பேரையும் சேத்தா?"

"என் பேர முதல்ல சொல்லு."

பொவா சொன்னாள். மிஸஸ் வெபர் வாயில் கை வைத்துக்கொண்டார். பிறகு மேசைமேல் படிந்த தலையை, அந்தச் சின்னக் காலை, ஈரப் பாவாடையை எல்லாம் ஒன்றாகப் பார்த்தவர்போல் மிமியையே பார்த்தார். அழவும் செய்தார். லெர்மூ ஆபீஸ்காரர்களின் அழுகையை நம்புகிறவர் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிப்போரா மேசையின் அடியில் தம்லாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் முன்னாடியே சொல்லலன்னு கேக்கறாங்க" என்றாள் பொவா.

"எங்கிட்ட யாரு கேட்டா? பேப்பரக் கேட்டாங்க. பேப்பர் பதில் சொல்லுச்சு. பிள்ளையப் பாத்தா பஸ் ஓட்டறவனுக்கே தெரிஞ்சுது."

அந்தக் காகிதத்தில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. நடந்தது அவ்வளவுதான். இதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். நாலு வயதுப் பிள்ளைகளுக்கு இதே கட்டடத்தில் ஒரு வகுப்பு உண்டு. இலவசம். சின்னக் கழிப்பறை, சின்ன நாற்காலி, மதியம் தூங்கப் பாய். தலைமை ஆசிரியை வந்து, இடம் இல்லை என்றார். பதினெட்டு இடம்தான், மார்ச் மாதத்திலேயே நிரம்பிவிட்டது.

"இந்த வகுப்புல நம்ம பிள்ளைங்க எத்தனை பேருன்னு கேளு" என்றார் லெர்மூ.

பொவா கேட்கவில்லை. அவளுக்கே தெரியும். "ஒண்ணுகூட இல்ல பெரியப்பா."

"நம்ம பிள்ளைங்க ஊர்ல இல்லையா?"

"எல்லாருக்கும் ஒரே விதிதானாம். யாரு முதல்ல பதியறாங்களோ அவங்களுக்குத்தானாம்."

"பதியணும்னு எங்க சொன்னாங்க?"

"இன்டர்நெட்ல போட்டாங்க. இங்கிலீஷ்ல."

லெர்மூ எழுந்து நின்றார். "அப்ப இதையும் சொல்லு. நாங்க விடியறதுக்கு முன்னாடி கோழி அறுக்கப் போறவங்க. எங்களுக்குத் தெரியாத எடத்துல, எங்களுக்குத் தெரியாத பாஷையில கூப்பிட்டுட்டு, வரலைன்னு கதவச் சாத்தறதுக்குப் பேரு ஒரே விதி இல்ல. நான் பொய் எழுதுனவன்தான். இது மட்டும் என்னவாம்?"

தலைமை ஆசிரியை சிவந்து போனார். வரும் மார்ச்சில் கரென் மொழியில் அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுப்பதாகச் சொன்னார். லெர்மூ தலையாட்டினார். சொல்வதை நம்பி அல்ல. சொன்னதைக் கேட்டுக்கொண்டேன் என்பதற்காக. மிமியின் பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் எழுதினார்கள். ஆறாவது ஆள். முதல் வகுப்பிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். காலையில் அவளை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்கவே வேண்டாம், லெர்மூதான். பொவா பிடித்துக் கொடுத்த இலவச வக்கீல், வயதைத் திருத்தலாம், ஆனால் நாள் பிடிக்கும், பயமில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் தானாக வந்து சொன்னது நல்லது என்றார். போலீஸ் யாரும் வரவில்லை. லெர்மூ இன்னும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

சிப்போரா மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஜெபக் குறிப்புச் சீட்டில் மூத்த மகளின் பெயரை எழுதிக் கொடுத்தாள். போதகர் அதை வாசித்தார். இறந்துபோனவள், இரண்டு வயது, என்று. பலருக்கு அப்போதுதான் தெரியும். பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். நாலு வருஷம் தாமதமான அழுகை.

ஆராதனை முடிந்து, சர்ச்சின் கீழ்த்தளத்தில் சோறும் மூங்கில் குருத்துக் குழம்பும் பரிமாறும்போது லெர்மூ எழுந்து நின்றார். மேடைப் பேச்சு அவருக்கு வராது. சுருக்கமாகச் சொன்னார். மிமியின் விஷயத்தைச் சொன்னார். தன் பெயரைச் சொன்னார். இன்னும் நாலு பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களின் அப்பா அம்மா இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் என்று சொல்ல மாட்டேன் என்றார்.

மூலையிலிருந்து ஒருவன், முகாமில் அவரோடு எப்போதும் மல்லுக்கு நின்றவன், வாயில் சோற்றோடு கத்தினான். "நீயே எழுதுவ, நீயே அழிப்பியா? நாங்க என்ன உன் சிலேட்டா?"

"ஆமாய்யா, நான்தான் எழுதுனேன்" என்றார் லெர்மூ. "அங்க எழுதுனது சோத்துக்கு. அதுக்கு நான் வெக்கப்படல. இங்க வந்தும் அழிக்காம வெச்சிருந்தேன் பாரு, அது என் பயத்துக்கு. அதுக்குத்தான் வெக்கப்படறேன்."

  அவர் உட்கார்ந்தார். உடம்பு அசந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு இளம்பெண் தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். அவள் பையன் இரண்டாம் வகுப்பில் படிக்கிறான். படிப்பு ஏறவில்லை, மக்கு என்று வீட்டிலேயே அவனை அடிக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை.

"எங்க பையனுக்கு நெஜத்துல அஞ்சுதான் தலைவரே" என்றாள், தட்டைப் பார்த்துக்கொண்டே. "சொன்னா பிரச்சினை வருமா?"

"வரலாம்" என்றார் லெர்மூ. "வராதுன்னு சொன்னா நான் மறுபடியும் பொய்யன். ஆனா ஒண்ணு கேட்டுக்க. அரிசியில நம்ம பிள்ளைக்குப் பங்கு வேணும்னு எவ்வளவு சண்ட போட்டோம், எவ்வளவு பொய் சொன்னோம். சின்ன வயசுப் படிப்புலயும் அதுக்கு ஒரு பங்கு இருக்குன்னு நமக்குத் தோணவே இல்ல. நாலு வயசுல விளையாடிப் படிக்கறது அதோட பங்கு. அத யாரும் பிச்சையா போட வேண்டாம். நாம கேக்கணும், அவங்க தரணும். நம்ம பயத்துக்காக அதைப் பிள்ளகிட்டேர்ந்து பிடுங்கறதுக்கு, பெத்தவனுக்கும் உரிம இல்ல, தலைவனுக்கும் இல்ல. நாளைக்குக் காலையில வா, பொவாவப் பாக்கப் போகலாம்."